கணவர் மேல் புகார்... மனைவிக்கு லைசென்ஸ் கிடையாதா? யார் இந்த கேய் வாட்டர்ஹவுஸ்?

ஆஸ்திரேலிய குதிரைப் பந்தயத்தில் பெரிய பெயர் கேய் வாட்டர்ஹவுஸ். ஆனால் பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்கவே அவர் கோர்ட் படி ஏற வேண்டியதாப் போச்சு. ஏன்?

அப்பா டி.ஜே.ஸ்மித், தொடர்ந்து 33 சீசன்கள் சிட்னியின் நம்பர் 1 பயிற்சியாளர். நடிகையாக இருந்த கேய், அப்பாவிடமே தொழில் கற்றார்.

சிக்கல் எங்கே?

1984-ல் பிரிஸ்பேனில் 'ஃபைன் காட்டன்' பெயரில் அதைவிட வேகமான வேறொரு குதிரையை ஓடவிட்டு மாட்டினார்கள். இந்த மோசடி முன்கூட்டியே தெரியும் என்று கேயின் கணவர், புக்கி ராபிக்குத் தடை விழுந்தது. 1989-ல் கேய் லைசென்ஸ் கேட்டார். அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. ஆனாலும் கணவரைக் காரணம் காட்டி கிளப் மறுத்தது.

கோர்ட் என்ன சொன்னது?

மனைவி என்றாலே கணவர் பேச்சைக் கேட்டு தப்பு செய்வார் என நினைத்து மறுப்பது, திருமண நிலையை வைத்துக் காட்டும் பாகுபாடு. 1991-ல் இந்த வாதத்தை நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1992-ல் லைசென்ஸ் கைக்கு வந்தது. 2013-ல் அவர் தயார் செய்த ஃபியோரென்டே, மெல்போர்ன் கோப்பையையே வென்றது.

இது ஏன் முக்கியம்?

1938-ல் அதே கோப்பையை வென்ற 'கேட்டலாக்' குதிரையைத் தயார் செய்ததும் ஒரு பெண்தான். பெண் பயிற்சியாளரை ஏற்காத காலம் என்பதால், ரெக்கார்டில் ஏறியது கணவர் பெயர். அன்று கணவர் பெயர் இல்லாமல் வழியில்லை. கேய்க்கு கணவர் பெயரே முட்டுக்கட்டை. 'இவருக்கு வேலை தெரியுமா?' என்ற கேள்வியை மட்டும் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.