சரக்கு வண்டியின் டயர்: மலிவு எது, லாபம் எது?

கடைக்குச் சரக்கு வாங்குவதில் நம் வணிகர்களின் கவனம் ஊரறிந்தது. துவரம்பருப்பைக் கையில் அள்ளி நிறம் பார்ப்போம். வற்றல் மிளகாயை ஒடித்து ஈரம் பார்ப்போம். கருப்பட்டியைத் தட்டிப் பார்த்து, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டும் பார்ப்போம். ஆனால் அந்தச் சரக்கையெல்லாம் சுமந்து வருகிற வண்டிக்கு டயர் வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசி விலை என்ன?"

இந்தப் போக்கு மாறவேண்டும் என்பதே நமது கருத்து.

ஆழ்வார்திருநகரி வட்டாரத்து வணிகம் இன்று பிக்கப் வண்டிகளையும் குட்டியானைகளையும் நம்பி நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து உப்பும் மளிகையும், உடன்குடியிலிருந்து கருப்பட்டியும், ஆத்தூரிலிருந்து வெற்றிலையும், தாமிரபரணிக் கரைத் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் இவற்றில்தான் வந்து போகின்றன. ஒரே வண்டி காலையில் வாழைத்தோட்டத்துச் சேற்றில் இறங்குகிறது. உச்சி வெயிலில் தூத்துக்குடித் தார்ச்சாலையில் ஓடுகிறது. மாலையில் தேரிக்காட்டுச் செம்மணலில் உருள்கிறது. உடைமுள்ளும், உப்பளத்து ஈரமும், கொதிக்கும் தாரும் ஒரே நாளில் அந்த நான்கு டயர்களைச் சோதிக்கின்றன.

அந்த வண்டி போகும் வழி எது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை அது. தைப்பூசம் போன்ற நாட்களில் பச்சை உடுத்திய பாதயாத்திரை பக்தர்கள் இரவும் பகலும் சாலையோரம் நடந்து வருகிறார்கள். வைகாசியில் ஒன்பது கருட சேவைக்கு நம் ஊரே நிரம்பி வழிகிறது. இந்தச் சாலையில் பாரம் ஏற்றிய வண்டியின் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவரின் கையில் நிற்காது. அப்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கும், அந்தப் பக்கம் யார் நடந்து வருவார் என்பதை யாரால் சொல்ல முடியும்?

எடைக்கு ஏற்ற டயர்

முதலில் பார்க்க வேண்டியது கம்பெனிப் பெயரை அல்ல. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் அச்சிட்டிருக்கும். அந்த எண் சுமைக் குறியீடு. 95 என்றால் அந்த டயர் 690 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுப் பாரத்தோடு ஒரு பிக்கப் வண்டியின் பின் அச்சில் 1,900 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இரண்டே டயர். ஆக, ஒவ்வொன்றும் 950 கிலோ தாங்கவேண்டும். 106-க்குக் குறைந்த டயர் அங்கே கூடாது. "ரிம்முக்குச் சரியாக உட்காருகிறது, விலையும் குறைவு" என்று 95 எண் போட்ட கார் டயரை மாட்டினால், ஒவ்வொரு சக்கரத்திலும் 260 கிலோ அதிகச் சுமையோடு வண்டியை அனுப்புகிறோம் என்று பொருள். ரிம்முக்குப் பொருந்துவது வேறு, பாரத்துக்குப் பொருந்துவது வேறு. வண்டியோடு தரப்பட்ட புத்தகத்திலும், பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய அட்டையிலும் எந்த அளவு டயர், எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். டயர் கடைக்குப் போகுமுன் அதைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. சரக்கு வண்டி டயரில் "எல்.டி." அல்லது "சி" என்ற குறியும், 8 பி.ஆர்., 10 பி.ஆர். போன்ற பிளை அளவும் இருக்கும். இந்தப் பிளை எண் இப்போது உள்ளே இத்தனை அடுக்கு நூல் என்பதைக் காட்டுவதில்லை. டயரின் வலுவைக் காட்டுவது.

ரேடியலா, நைலானா?

இந்த வாதம் டீக்கடையில் முடியாத வாதம். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு ரேடியல் நல்லது. சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானமும் மெதுவாக. கல்லும் முள்ளும் நிறைந்த தோட்டப் பாதையிலேயே பெரும்பொழுது உழலும் வண்டிக்கு, வண்டிக் கம்பெனி அனுமதித்திருந்தால், கனத்த பக்கவாட்டுச் சுவருள்ள நைலான் டயர் தாக்குப்பிடிக்கும். எதுவானாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் போடுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டும் சுமையின்கீழ் வேறு வேறு விதமாக அமுங்குபவை. பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ட்யூப் டயர் என்றால் புது டயருக்குப் புது ட்யூப்பே போடவேண்டும். பழைய ட்யூப் நீண்டு போயிருக்கும். உள்ளே மடிந்து, மடிப்பிலேயே கிழியும். உப்பு ஏற்றுகிற வண்டிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டயர் மாற்றும்போது ரிம்மில் துருவைச் சுரண்டிவிட்டுப் பார்க்கவேண்டும். துருப்பிடித்த ரிம்மில் எந்த நல்ல டயரும் காற்றுப் பிடிக்காது.

ரீட்ரெட் பற்றி

நம் டிரைவர்கள் ரீபட்டன் என்று சொல்லும் ரீட்ரெட் டயரை நாம் வெறுக்கவில்லை. அது மதிப்புள்ள தொழில். நம் சிறு தொழில்முனைவோர் பலருக்குச் சோறு போடும் தொழில். சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1952-ல் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கி, அதன்பிறகுதான் டயருக்கு வந்தது. விமானங்களில்கூட ரீட்ரெட் டயர்கள் ஓடுகின்றன.

ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. உள் உடல் நலமாக உள்ள டயருக்குத்தான் ரீட்ரெட். பக்கவாட்டில் வீக்கம் கண்டதும், உள்நூல் அறுந்ததும், கம்பி தெரிந்ததும் அதற்கு ஆகாது. ரீட்ரெட் டயரைப் பின் அச்சில் போடலாம், முன்னால் போடக்கூடாது. முன் டயர்தான் வண்டியின் கடிவாளம். இன்னொரு மோசடியும் நடமாடுகிறது. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி, கறுப்புச் சாயம் பூசி, "ஒரே மாதம் ஓடினது" என்று விற்கிறார்கள். அது டயர் அல்ல, வெடிக்கக் காத்திருக்கும் பட்டாசு. ட்ரெட் கோடுகளின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். டயரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல் பாலத்து இணைப்புச் சாலை அரித்துப் போயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றது. அத்தகைய பெருவெள்ளத்தை எந்த டயரும் வெல்லாது என்பது உண்மை. ஆனால் சாதாரண ஐப்பசி மழையில் சாலையில் தேங்கும் தண்ணீரை ஒதுக்கிவிட்டுத் தரையைப் பிடிப்பது அந்தக் கோடுகள்தான். கோடு இல்லாத டயர் தண்ணீர்மேல் வழுக்கும். பிரேக்கை மிதித்தும் பயன் இருக்காது.

தேதியும் முத்திரையும்

அரிசிக்குப் பழையது உயர்வு, டயருக்கு அப்படியல்ல. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3523 என்றால் 2023-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டு கடந்ததை எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்றவும் டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். 2009-ம் ஆண்டு ஆணைப்படி டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்.

பில் இல்லாமல் வாங்கினால் லாபம் என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. வணிகத்துக்கான சரக்கு வண்டியின் டயருக்குக் கட்டிய வரியை, முறையாக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வணிகர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இணக்க வரி முறையில் இருப்போருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. பில் இருந்தால்தான் வாரண்டியும் கேட்க முடியும். நாமே வணிகர்கள்; நாமே பில் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

லாபக் கணக்கு

8,000 ரூபாய் டயர் 50,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 5,500 ரூபாய் டயர் 25,000 கிலோமீட்டரில் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோமீட்டருக்கு 16 பைசா. இரண்டாவது 22 பைசா. விலை குறைந்ததே செலவு கூடியது. இதில் வழியில் நின்ற நேரமும், வெயிலில் வாடிய வெற்றிலையும், கன்னிப்போன வாழைத்தாரும் சேரவில்லை.

நல்ல டயரையும் காற்றில்லாமல் ஓட்டினால் அந்தக் கணக்கும் பொய்யாகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பே சூடாகிறது. சூடு ரப்பரையும் உள்நூலையும் பிரிக்கிறது. பிறகு வெடிப்பு. செம்மணலில் ஏறுவதற்காகக் காற்றை இறக்கும் டிரைவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பியாக வேண்டும். காற்றை அளக்க வேண்டியது வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

வாடகைப் பேரம்

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சொந்த வண்டி இல்லாத வணிகர்கள், "டயர் நம் தலைவலி இல்லை, வண்டிக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. நடை வாடகையில் நூறு ரூபாயைக் குறைத்துப் பேசும்போதும், "இன்னும் பத்து மூட்டைதானே அண்ணாச்சி, ஏற்றிப் போடுங்க" என்று சொல்லும்போதும் அந்த வண்டியின் டயரை நாமே தேர்ந்தெடுத்து விடுகிறோம். டீசல் விலையை வண்டிக்காரர் குறைக்க முடியாது. இன்சூரன்ஸைக் குறைக்க முடியாது. மாதத் தவணை நிற்காது. அவர் தள்ளிப்போடக் கூடியது டயர் ஒன்றுதான். நாம் குறைத்த நூறு ரூபாய் கடைசியில் மொட்டை டயராகத்தான் நம் கடை வாசலில் வந்து நிற்கிறது.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதைத் திருக்குறள் என்றோ சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. பத்து மூட்டையில் மிச்சம் பிடித்தது பத்து ஆண்டுக்குப் போதாது. அபராதம் கட்டிவிடலாம், ஒரு டிரைவரின் வீட்டில் அடுப்பு அணைந்தால் அதற்கு எந்தக் கல்லாவிலும் பணம் இல்லை.

வணிகர்களே, நமது யோசனைகள் மூன்று. மே 5 வணிகர் தினம் கத்திரி வெயில் தொடங்கும் வேளையில் வருகிறது. அதையொட்டி ஒரு நாளை நம் சங்கங்கள் டயர் பரிசோதனை நாளாக வைத்து, உறுப்பினர் வண்டிகளையும் வாடகை வண்டிகளையும் இலவசமாகச் சோதித்துத் தரலாம். தனித்தனியே பேரம் பேசுவதை விட்டு, நான்கைந்து பேர் சேர்ந்து மொத்தமாக டயர் வாங்கினால், புதிய தேதியும் நல்ல விலையும் கேட்டு வாங்கலாம். கமிஷன் மண்டிகளின் வாசலில் ஒரு காற்று அளவுமானி தொங்கட்டும். தராசு இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கவேண்டும்.

எடையில் நேர்மை நம் தொழிலின் தர்மம். வாடிக்கையாளருக்குக் கால் கிலோ குறையாமல் நிறுத்துக் கொடுக்கும் நாம், வண்டியின்மேல் ஏற்றும் பாரத்திலும் அதே நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.