சான்றிதழ் இருக்கிறது, தொழில் இருக்கிறதா?

தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறிய நம் தந்தையர், அந்த இரண்டையும் கொண்டே அன்றைய பம்பாய் அலுவலகங்களில் இடம் பிடித்தனர். 1966-இல் தோன்றிய சிவசேனை முதலில் குறிவைத்ததும் அந்த நாற்காலிகளைத்தான். மிரட்டலுக்கு நடுவிலும் நாம் நிலைத்தோமென்றால், சிபாரிசினால் அல்ல. கையில் தொழில் இருந்ததால்!

இன்று தாராவியிலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் கணினிச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் எக்செல்லில் பத்தாயிரம் வரி விற்பனைக் கணக்கைக் கொடுத்து, மாதவாரியாகத் தொகுக்கச் சொன்னால் பலர் திகைக்கிறார்கள். பிவட் டேபிள் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை, தெரியாதவர் நாள் முழுவதும் கூட்டிக்கொண்டிருக்கிறார். வேலை யாருக்குக் கிடைக்கும்?

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்துக்குப் பத்து அறையில் கணினிக்கு இடமேது? கைப்பேசியில் படம் பார்க்கலாம். அலுவலகக் கணக்குப் பழக முடியுமா?

எனவே நம் சங்கங்களைக் கேட்கிறோம்: பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் திறக்கும் மன்றக் கதவை வார நாள் மாலைகளிலும் திறவுங்கள். பழைய கணினிகள் நான்கு போதும். லிபர் ஆபீஸ் மென்பொருளுக்குக் காசு வேண்டாம். பிவட் டேபிளும் மேக்ரோவும் மெயில் மெர்ஜும் அதிலும் உண்டு. அலுவலகத் தோழர்கள் வாரம் ஒரு மாலை வந்து சொல்லித்தரட்டும். பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் தரப்படட்டும்.

தட்டச்சு கற்ற தலைமுறை நமக்குச் சோறு போட்டது. அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுக்கப்போவது என்ன? வெறும் விழா மேடைகளா?