இரத்தம் கூறும் சாட்சி

"பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை." நோயாளிக்கு ஆறுதல் தரவேண்டிய இச்சொற்களே சிலருக்குப் பெருந்துன்பமாகி விடுவதுண்டு. உடலோ நோகிறது; கருவிகளோ நோயில்லை என்கின்றன. அவர் யாரிடம் சென்று முறையிடுவார்?

1991ஆம் ஆண்டில் முடிவுற்ற வளைகுடாப் போரிலிருந்து தாயகம் திரும்பிய அமெரிக்க வீரர் பலருக்கு நேர்ந்த கதி இதுவே. அப்போருக்குச் சென்ற அமெரிக்கர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். அவருள் நால்வருக்கு ஒருவரேனும் தீராக் களைப்பு, மூட்டுவலி, மறதி, உறக்கமின்மை முதலியவற்றால் வருந்தலாயினர். எல்லாம் மனவேதனையின் விளைவு என்றே பலருக்கும் கூறப்பட்டது. 2008இல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழுவொன்று, இந்நோய் மெய்யானதே என முடிவு கூறிற்று. நச்சுவாயுவினின்று காக்கவென வழங்கப்பட்ட பிரிடோஸ்டிக்மின் குளிசைகளும், பூச்சிகொல்லி மருந்துகளும் இதற்குக் காரணமென அக்குழு கண்டது.

ஆயினும், நோயாளி கூறும் குறிகளைக் கேட்டே வைத்தியர் இன்றும் இந்நோயை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. இரத்தத்தில் இதற்குச் சாட்சி கிடையாதா?

நமது உடலின் காவற்படை நிர்ப்பீடனத் தொகுதியாகும். நோய்க்கிருமி புகுந்தால் வெண்குழியங்கள் பெருகும். அழற்சியைக் காட்டும் புரதங்கள் இரத்தத்தில் உயரும். பகை நீங்கியதும் படை அடங்குதல் இயல்பு. இவ்வீரரிடமோ, ஆண்டுகள் பல கழிந்தும் அப்படை முற்றாக அடங்கவில்லை போலும். 2016இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இவர்களது இரத்தத்தில் சிலவகை வெண்குழியங்களும், சீ-ரியக்டிவ் புரதமும் மிகுந்திருக்கக் காணப்பட்டன. தம் நரம்புகளின் புரதங்களையே தாக்கும் பிறபொருளெதிரிகளையும் வேறு ஆராய்ச்சியாளர் சிலரிடம் கண்டனர்.

ஆனால் அவசரப்படலாகாது. சீ-ரியக்டிவ் புரதம் சாதாரண காய்ச்சலிலும், மூட்டு வாதத்திலும் உயரும். ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல், ஒரே சாட்சியை நம்பி வழக்கை முடிப்பதை ஒக்கும். ஆகவேதான் பல அடையாளங்களை ஒருங்கே அளந்து, வேறு நோயுடையாரோடும் ஒப்பிட்டுப் பார்க்க முயல்கின்றனர். அம்முயற்சி நிறைவெய்தினால், நோயை உறுதிசெய்வதோடு, மருந்து பலிக்கின்றதா என்பதையும் அளந்தறியலாம்.

அதுவரை நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. நம் வீட்டில் ஒருவர் "முடியவில்லை" என்று கூறும்போது, பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து அவரைச் சோம்பேறி என்று பழித்தல் தகாது. கருவிக்கு இன்னும் எட்டாத நோயும் நோயே.