கலத்தியா பள்ளத்தாக்கின் பழைய வரைபடம்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு மாநக்கவாரம் எனக் குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளை, இந்திய நில அளவைத் துறை 1886-87இல் முறையாக அளந்து வரைந்தது. அன்று தொடங்கிய நிலத்தோற்ற வரைபடங்கள் இன்று அறிஞர்க்கு மட்டும் உரிய பழம்பொருள்கள் அல்ல. ஒரு மக்களின் உரிமைக்குச் சான்றாக நிற்பவை.

இவற்றுள் ஒன்றான பெரிய நிக்கோபார் தீவின் தென்பகுதியில் ஓடிக் கடல் சேர்வது கலத்தியா ஆறு. அதன் பள்ளத்தாக்குக் காடு ஷோம்பென் பழங்குடி மக்களின் வாழ்விடம். கழிமுகத்தை அடுத்த கடற்கரை நிக்கோபாரியரின் பூர்விக நிலம். 2004 திசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடித்தளம் இன்று கடலுக்குள் நிற்கிறது. உடன் எழுந்த ஆழிப்பேரலையில் சிங்கேன் முதலிய ஊர்கள் அழிந்தன. உயிர் தப்பியோர் கேம்பல் விரிகுடாவை அடுத்த இராஜீவ் நகரிலும் புதிய சிங்கேனிலும் குடியமர்த்தப்பட்டனர். பூர்விக ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் இன்றும் கேட்டு வருகின்றனர்.

இந்த ஆறு சேரும் கலத்தியா விரிகுடாவில் துறைமுகம், உடன் வானூர்தி நிலையம், நகரம், மின்நிலையம் என விரியும் திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்கு ஒதுக்கப்படுகிறது. தம் பூர்விக நிலமும் இதில் அடங்குவது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று கூறி, அதே மாதம் நிக்கோபாரியரின் பழங்குடியினர் மன்றம் தான் முன்பு அளித்த இசைவைத் திரும்பப் பெற்றது.

மலாக்கா நீரிணையை நோக்கிய இத்தீவின் பாதுகாப்பு முதன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால், கடல் விரட்டியதால் ஆளற்றுப் போன நிலத்தை உரியவரற்ற நிலமாகக் கொள்வது அறமன்று. அங்கே யார் வாழ்ந்தனர் என்பதை இன்றைய செயற்கைக்கோள் படம் காட்டாது. ஆழிப்பேரலைக்கு முந்தைய வரைபடங்களே காட்டும். அவற்றுக்கும் எல்லை உண்டு. இடம் மாறி மாறி வேட்டையாடியும் தாழைக்கனி சேர்த்தும் வாழும் ஷோம்பென் மக்களின் தடங்கள், சம உயரக் கோடுகளுக்கு இடையே வெறும் காடாகவே தெரியும். அங்கே அம்மக்களின் அறிவே சான்றாக வேண்டும்.

ஆகவே, பழைய வரைபடங்களைத் திட்ட வரைபடத்தின்மேல் பொருத்தி அரசு வெளியிட வேண்டும். பூர்விக எல்லைகளை நிக்கோபாரியரே குறிக்க வழி செய்ய வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமைகளை முடிவு செய்ய வேண்டும். அதுவரை கலத்தியா பள்ளத்தாக்கில் ஒரு மரமும் வெட்டப்படலாகாது.