சவேரியார் காத்திருந்த மயிலாப்பூர்

மகளுக்கு வந்த வரனை ஏற்பதா, மகனுக்குக் கிடைத்த வேலையை விடுவதா? கண்களை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே தீர்ப்பாகக் கொள்ளும் பழக்கம் நம் பங்குகளில் வேரூன்றிவிட்டது. அதிலும் தெளிவு பிறக்காவிடில் 'வார்த்தை' சொல்பவரைத் தேடி வெளியூருக்குப் பேருந்து ஏறுகிறோம். கிளி சோதிடத்தைக் கண்டு நகைப்பவர்களும் நாமே!

1545-ஆம் ஆண்டு இத்தகைய கேள்வியோடுதான் புனித சவேரியாரும் மயிலாப்பூருக்கு வந்தார். கீழ்த்திசைக்குக் கடல் கடப்பதா, வேண்டாமா? தோமையாரின் கல்லறைக் கோயிலில் (இன்றைய பேராலயம் பிற்காலத்தது) நாள்கணக்கில் செபித்தார். இறைவனின் விருப்பத்தை உள்ளத்தில் உணர்ந்ததாக மே 8 அன்று இங்கிருந்தே மடல் எழுதினார். தெளிந்த பின்னும் உடனே புறப்பட இயலவில்லை. காற்றும் கப்பலும் வாய்க்க ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்நாள்களில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், பங்குக் குருவின் இல்லத்தில் எளிய விருந்தினராய் வாழ்ந்தார்.

"அவர் புனிதர், எங்களுக்கு நேரமேது?" என்பீர்கள். அவருடைய தலைவர் இஞ்ஞாசியார் நாள்தோறும் செய்யச் சொன்ன ஆன்ம சோதனைக்கு அடையாற்றிலிருந்து தியாகராய நகர் செல்லும் பேருந்துப் பயணமே போதும். இன்று எதில் மனம் அமைதியுற்றது? யாரிடம் கடுமை காட்டினோம்? இவ்வளவுதான். ஆயினும் நாம் இதைத் தவிர்க்கிறோம். நேரமின்மை அதற்குக் காரணமன்று. வரன் பொய்த்துப்போனால் பழியை வசனத்தின்மீது சுமத்திவிடலாம். ஆய்ந்து நாமே முடிவெடுத்திருந்தாலோ, மகளின் முகத்தை நாமே பார்த்தாக வேண்டும்.