செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கியாச்சா? இன்ஜினை விடுங்க, முதல்ல டயர்ல இருக்கிற தேதியைப் பாருங்க!

பழைய பைக் விற்பனை விளம்பரம் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரே வசனம்தான். 'சிங்கிள் ஓனர், இன்ஜின் பிரிக்காத வண்டி, மைலேஜ் 50 கேரன்ட்டி.' வாங்கப் போகிற நாமும் அதையேதான் பார்க்கிறோம். கிக்கரை உதைத்து சத்தம் கேட்கிறோம், சைலன்சரில் வெள்ளைப் புகை வருதான்னு குனிந்து பார்க்கிறோம். கூட வந்த நண்பன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு 'பிக்கப் சூப்பர் மச்சி' என்கிறான். டீல் முடிந்தது.

இன்ஜின் மக்கர் பண்ணினால் வண்டி ஓரமா நிற்கும், தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிடம் போகலாம். டயரோ பிரேக்கோ கைவிட்டால் அப்படி இல்லை. ஆனாலும் பழைய வண்டி வாங்கும்போது 90 சதவீத கவனத்தை இன்ஜினுக்கே கொடுக்கிறோம். இது தலைகீழான பழக்கம் என்பது என் கருத்து. அனுபவத்தில் பட்டதும்கூட.

2016-ல் நான் வாங்கினது 2008 மாடல் வண்டி. எட்டு வருஷத்தில் 18 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. 'பெரியவர் ஓட்டின வண்டி தம்பி, பாதி நாள் ஷெட்லயேதான் நிக்கும்' என்று விற்றவர் சொன்னார், அது உண்மையும்கூட. டயரில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. நவம்பர் மாதம், முதல் நல்ல மழை, பெருங்களத்தூர் பக்கம் லேசாகத்தான் பிரேக் பிடித்தேன். முன் சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முழங்கையில் தோல் போனதோடு தப்பித்தேன் என்றால், பின்னால் வந்த மாநகரப் பேருந்து ஓட்டுநர் சுதாரித்து நிறுத்தியதால்தான். மெக்கானிக் அண்ணன் டயரின் பக்கவாட்டைத் துடைத்து நாலு எண்ணைக் காட்டினார்: 1108. 2008-ம் ஆண்டின் 11-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த டயர்.

டயர் ரப்பர் ஓடினால் மட்டும் தேயும், சும்மா நின்றால் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகும். இறுகிய ரப்பர் ஈரமான ரோட்டைப் பிடிக்காது. அதனால் 'கம்மியா ஓடின வண்டி' என்று சொன்னாலே நான் இப்போ உஷாராகிவிடுகிறேன். பக்கவாட்டில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு இருக்கும் வரிசையின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். ஐந்து, ஆறு வருஷம் தாண்டியிருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் கல்லு மாதிரி இருந்தாலோ, மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். விற்பனைக்கு முன்னால் டயர் பாலிஷ் அடித்துக் கருகருன்னு வைத்திருப்பார்கள். ரோட்டில் படும் இடத்திலும் அந்த பாலிஷ் பட்டிருந்தால் முதல் வளைவிலேயே வழுக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

அடுத்து பிரேக். முன்னால் டிஸ்க் இருந்தால் லிவரை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கை மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ வேறு எங்கோ ஆயில் அழுத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம், சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பழைய வண்டிகளில் டீ டிகாஷன் கலரில் இருக்கும். போன ஓனர் எப்போ மாற்றினார் என்று விசாரிக்கவே வேண்டாம், மாற்றியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம் பிரேக்கில் ஆபத்து வேறு மாதிரி. பின் சக்கரத்தின் பிரேக் தட்டைத் திரும்பவிடாமல் பிடித்து வைக்க ஒரு கம்பி, ஸ்விங் ஆர்மோடு இணைந்திருக்கும். அந்த போல்ட்டுக்கு ஒரு சின்ன பின் உண்டு. பஞ்சர் போட சக்கரத்தைக் கழற்றி மாட்டும் அவசரத்தில் முதலில் காணாமல் போவது இதுதான். நட்டு கழன்றால் பிரேக் பிடிக்கும்போது தட்டே சுற்றி சக்கரம் லாக் ஆகலாம். இரண்டு ரூபாய் பெறாத பொருள். வாங்கின அன்றைக்கே குனிந்து பாருங்கள். பக்கத்திலேயே செயின் இருக்கிறது, அதன் லாக் கிளிப்பையும் பார்த்துவிடுங்கள். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டிருந்தால் ஓடும்போது கழன்றுவிட வாய்ப்பு உண்டு.

கோன்செட் பற்றி விளம்பரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நேர் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறதா? ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்கிறதா? இரண்டில் எது இருந்தாலும் வேகத்தில் ஹேண்டில் அலையும். அதே நேரத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். ஆக்ஸிலேட்டர் தானாக ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. யூ-டர்ன் போடும்போது வண்டி சீறுவது இதனால்தான்.

லைட், ஹாரன், இண்டிகேட்டர் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பிரேக் லைட்டை மட்டும் முன் லிவர், பின் பெடல் இரண்டிலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

'வாங்குறதே காசு இல்லாமத்தான், இதுல டயர் வேறயா?' என்று கேட்பது புரிகிறது. முதல் வேலைக்குச் சேர்ந்து, 30, 35 ஆயிரம் புரட்டி வண்டி எடுப்பவருக்கு இன்னொரு ஆறாயிரம் பெரிய தொகைதான். ஆனால் அதே ஆள் முதல் வாரத்திலேயே ஸ்டிக்கர், சீட் கவர், எல்இடி பல்பு, சத்தம் போடும் சைலன்சர் என்று செலவு பண்ணுவதையும் பார்க்கிறேன். பேரம் பேசும்போதே டயர் தேதியைக் காட்டி விலையைக் குறையுங்கள். 'பட்டன் நல்லா இருக்கே சார்' என்பார். நாலு எண்ணைக் காட்டினால் பேச்சு மாறும்.

இதில் நம்மை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சொந்த உபயோகத்துக்கான பைக்குக்கு, பதிவான நாளிலிருந்து 15 வருஷம் வரை எஃப்சி என்ற பேச்சே இல்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி ஆர்சி-யைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் வண்டி மூன்று கை மாறியிருந்தாலும், பெயர் மாற்றம் என்பது பெரும்பாலும் காகித வேலைதான். புகைச் சான்றிதழ் புகையை மட்டும்தான் அளக்கிறது. கை மாறும்போதாவது டயர், பிரேக், ஸ்டீயரிங் மூன்றையும் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் முறை வந்தால் என்ன? பத்து நிமிட வேலை. (பெயர் மாற்றத்தோடு இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.)

இன்னொரு விஷயம். 125 சிசி-க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ் இருக்காது. ஆபீஸில் ஸ்கூட்டரோ புது பைக்கோ ஓட்டிப் பழகிய கை, பழைய வண்டியிலும் அதே மாதிரி பிரேக்கை அழுத்தும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானமோ ஆள் இல்லாத லேஅவுட் ரோடோ பார்த்து, 20, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பழகுங்கள். முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் நிறைய. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் போகிறது, அதனால் நிறுத்தும் சக்தி அதிகம் இருப்பது முன் சக்கரத்தில்தான். வெடுக்கென்று பிடிக்காமல் சீராக அழுத்திப் பாருங்கள்.

வேலை எல்லாம் முடித்து மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்த பிறகு, நேராக ஏலகிரிக்கோ பாண்டிச்சேரிக்கோ கிளம்பாதீர்கள். ஒரு நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிவிட்டு, அதே மெக்கானிக்கிடம் போய் ஆக்ஸில் நட்டு, செயின் டைட், பிரேக் கம்பி போல்ட் மூன்றையும் இன்னொரு தடவை ஸ்பானர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் காசுகூட வாங்க மாட்டார்.