மூப்பென்று ஒதுக்கிவிடாதீர்!

 

சென்ற இதழில் வீட்டு முதியோரின் உணவைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம், அதே வீட்டுத் திண்ணையில் சுருண்டு படுத்திருக்கும் மற்றொரு முதியவரைப் பற்றி எழுத விழைகிறேன். வயது முதிர்ந்த பூனையைத்தான் சொல்கிறேன்.

சேலத்தில் எங்கள் இல்லத்தில் நன்னி வளர்த்த பூனை ஒன்று 14 ஆண்டுகள் இருந்தது. நன்னி மறைந்த பின்னர் அது மெலியத் தொடங்கிற்று. 'வயதாகிவிட்டதல்லவா!' என்றோம். 'வளர்த்தவரை எண்ணி ஏங்குகிறது' என்றும் சொல்லிக் கொண்டோம். ஓயாமல் தண்ணீர்த் தொட்டியை நாடிச் சென்றபோது கத்திரி வெயிலின் மீது பழியைப் போட்டோம். ஒருநாள் அதைத் தூக்கிய எங்கள் வீட்டுச் சிறுமி, "அம்மா, இதற்குக் கனமே இல்லையே!" என்றாள். அன்றுதான் தடவிப் பார்த்தோம். அடர்ந்த உரோமத்தின் அடியில் முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாய்க் கையில் தட்டுப்பட்டன.

கால்நடை மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை மாதங்களாக இளைத்து வருகிறது?" என்பதே. வீட்டில் ஆறு பேர் இருந்தும் விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. சிறுநீரகங்கள் பெரிதும் பழுதாகியிருந்தன. அதன்பின் நான்கு மாதங்களே அது உயிர் வாழ்ந்தது. அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. உங்கள் இல்லத்தில் அவ்வாறு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பத்து வயதைக் கடந்த பூனை முதுமையை எட்டிவிட்டது. 15 வயதுப் பூனையை எழுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு ஒப்பிடுவர். அவ்வயதில் தசை சற்றே வற்றுவது உண்டு. ஆனால் கைக்குத் தெரியுமளவு எடை குறைந்தால் அதை மூப்பென்று ஒதுக்கிவிடாமல், நோயின் அறிகுறியென்றே கொள்ள வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள பூனை அரைக் கிலோ இழப்பது, 60 கிலோ எடையுள்ள பெண்மணி ஏழரைக் கிலோ இழப்பதற்குச் சமம். நம்மில் ஒருவர் அவ்வாறு இளைத்தால் வாளாவிருப்போமா?

மெலிவுக்குக் காரணங்கள் பல. முதலாவது சிறுநீரகக் கோளாறு. பூனையின் மூதாதை பாலைநிலத்து விலங்காதலின் அது இயல்பாகவே குறைவாகத்தான் நீர் அருந்தும். ஆகவே அடிக்கடி நீரை நாடுவதும் மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதும் எச்சரிக்கையாகும். சிறுநீரகங்களின் செயல்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு அழிந்த பிறகே இவ்வறிகுறி தென்படும் என்பதால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. நீரிழிவு நோயிலும் இதே அறிகுறிகள் உண்டு. பூனைக்கும் இன்சுலின் செலுத்துகின்றனர். தொடக்கத்திலேயே கவனித்தால் சில பூனைகள் இன்சுலின் தேவைப்படாத நிலையைக்கூட அடைகின்றன.

அடுத்தது தைராய்டு மிகைச்சுரப்பு. இது நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். பூனை முன்னிலும் மிகுதியாக உண்ணும். ஓரிடத்தில் நில்லாது அலையும். இரவில் உரக்கக் கத்தும். 'நன்றாகத்தானே சாப்பிடுகிறது' என்று நாம் நிம்மதி கொள்வோம். அதன் உடலோ நாளுக்கு நாள் உருகும். இரத்தப் பரிசோதனையில் இது வெளிப்படும். இதற்கு மாத்திரைகளும் உள்ளன.

மூன்றாவது பல்நோய். உணவை ஆவலுடன் நெருங்கி, முகர்ந்து பார்த்து, உண்ணாமல் விலகும் பூனைக்குப் பசியில்லை என்று எண்ணாதீர்கள். மெல்லும்போது வலிக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். வாயில் துர்நாற்றம் வீசுவதும் எச்சில் ஒழுகுவதும் இதன் சான்றுகள். இவையன்றிக் குடற்புழு, குடல் அழற்சி, புற்றுநோய் ஆகியவையும் எடையைக் குறைக்கும். முதிய பூனை திடீரெனச் சுவரில் முட்டிக்கொண்டால் இரத்த அழுத்தம் மிகுந்து பார்வை போயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

உணவைப் பற்றியும் சில சொற்கள். தயிர்ச்சோறும் பாலும் மட்டுமே கொடுத்து வளர்ப்பது தவறு. பூனை ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து மாமிசத்திலிருந்தே அதற்குக் கிடைக்கிறது. அச்சத்துக் குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமடையும் என்பதை அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் கண்டறிந்தனர். உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்த மீனையோ கோழியையோ முள்ளும் எலும்பும் நீக்கி, இளஞ்சூடாகக் கொடுங்கள். முதுமையில் மோப்பம் மங்குவதால் சூட்டின் மணமே பசியைத் தூண்டும். விருந்தில் மிஞ்சிய பிரியாணி வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சிறுநீரக நோயுள்ள பூனைக்கு உணவின் வகையையும் அளவையும் மருத்துவரே வகுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளை மறவாதீர்கள். ஒன்று, நமக்கான காய்ச்சல் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குப் போதாது. ஒரே ஒரு மாத்திரை அதன் உயிரைப் பறிக்கக்கூடும். மற்றொன்று, ஒருநாள் முழுதும் உண்ணாதிருந்தால் 'நாளை பார்ப்போம்' என்று தள்ளிப் போடாதீர்கள். பட்டினி சில நாட்கள் நீடித்தால், குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இனிச் செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு மாதமும் பிறை கண்ட மறுநாள் பூனையை எடை போடுங்கள். மூடியுள்ள கூடையில் அதை அமர்த்தி மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக் கொள்ளலாம். நாட்காட்டியின் ஓரத்தில் தேதியும் எடையும் குறித்து வாருங்கள். உண்ணும் அளவு, நீர் அருந்தும் அளவு, வாந்தி ஆகியவற்றையும் உடன் எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதற் கேள்விக்கு அந்தக் குறிப்பே விடையாகும்.

'பூனைக்கெல்லாம் யார் வைத்தியம் பார்ப்பார்?' என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் உள்ளது. கோழிப்பண்ணைகளால் புகழ்பெற்ற ஊராதலின், அங்குக் கோழிக்கும் கறவை மாட்டுக்கும் மட்டுமே மருத்துவம் பார்ப்பர் என்று எண்ண வேண்டாம். நாய், பூனைகளுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. சேலம் மாவட்டத்தில் தலைவாசலிலும் இத்தகைய கல்லூரி ஒன்று இயங்குகிறது. பத்து வயதைக் கடந்த பூனையை ஆண்டுக்கு இருமுறையேனும் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

பூனை நம் வீடுகளில் சுற்றி வரும் ஜீவன். அது வாய் வைத்த நீர் அசுத்தமாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதன் பொருட்டு வேதனைக்குள்ளானதையும் அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நாம் கட்டிவைக்கவில்லை, உணவும் கொடுக்கிறோம். ஆயினும் கண்ணெதிரே இளைத்து வருவதைக் காணாதிருப்பதும் பொறுப்பின்மையே அல்லவா?

இவ்விதழை மடித்து வைத்ததும் உங்கள் வீட்டுப் பூனையை அருகே அழைத்து, முதுகை மெல்லத் தடவிப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் நாளைக் காலையிலேயே மருத்துவரை நாடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.